லூல்கந்துரையிலிருந்து செயற்கை நுண்ணறிவு வரை: ஜேம்ஸ் டெய்லரின் வாழ்வு உணர்த்தும் பாடம்

உடப்புசல்லாவைப் பிரதேசத்தின் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கு அண்மையில் சென்றிருந்தோம். தேயிலை தரம் பிரிக்கப்படும் பகுதியில் ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உலர்ந்த தேயிலை மேலிருந்து மெல்லிய படலமாகக் கீழே விழுகின்றது. விழும்போதே கமராக்கள் ஒவ்வொரு துணுக்கையும் நோக்குகின்றன. குச்சியும் தும்பும் கண்ணில் பட்டால், இமைப்பொழுதில் காற்றை ஊதி அவற்றை வேறாக ஒதுக்கிவிடுகின்றன. முன்னர் இவ்வேலையைப் பெண்கள் வரிசையாகத் தரையில் அமர்ந்து கையால் பொறுக்கிச் செய்துவந்தனர். இன்று அங்கு ஒருவரோ இருவரோதான் நிற்கின்றனர். இயந்திரம் தவறவிட்டதைப் பார்ப்பதும், இயந்திரத்துக்குத் தேயிலையைக் கொட்டுவதுமே அவர்களின் பணியாகும்.

2022ஆம் ஆண்டின் இறுதியில் மனிதரோடு உரையாடவல்ல கணினி மென்பொருள்கள் பொதுமக்களின் கைக்கு வந்தது முதல், செயற்கை நுண்ணறிவு பற்றிய பேச்சு எங்கும் பெருகியுள்ளது. இனிமேல் இயந்திரம் வெறும் கருவியாக இராது, அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் மனிதருக்குப் பக்கத்தில் நின்று உழைக்கும் சக தொழிலாளியாக விளங்கும் என்று பலரும் கூறிவருகின்றனர். நகரத்து அலுவலர்களுக்கு இது புதிய பேச்சாக இருக்கலாம். ஆனால் மலையகத்துக்கு இது புதியதன்று. மனிதக் கையின் அருகே இயந்திரம் வந்து நின்றால் என்ன நிகழும் என்பதை இம்மண் சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுவிட்டது. அதை இங்கு முதலில் நிகழ்த்திய மனிதரின் வாழ்வை நினைவுகூர்வது இன்றைய வினாவுக்கு விடை தேட உதவும் என்று நாம் கருதுகின்றோம்.

அவர்தான் இலங்கைத் தேயிலையின் தந்தை எனப்படும் ஜேம்ஸ் டெய்லர். 1835ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஸ்கொட்லாந்தின் கிராமப்புறத்தில், ஒரு தச்சுத் தொழிலாளியின் மகனாக அவர் பிறந்தார். வண்டிச் சக்கரங்கள் செய்வதே தந்தையின் தொழில். சிறு வயதிலேயே தாயை இழந்த டெய்லர், மரமும் இரும்பும் ஒன்றோடொன்று இணைந்து சுழலும் விதத்தைத் தந்தையின் பட்டறையில் பார்த்தே வளர்ந்தார் எனலாம். அக்காலத்தில் வசதியற்ற ஸ்கொட்லாந்து இளைஞர் பலருக்குக் கடல் கடந்த தோட்டங்களே பிழைப்புக்கு வழியாக இருந்தன. 1851ஆம் ஆண்டு, 16 வயதில், மூன்று வருட ஒப்பந்தமொன்றில் அவர் கையொப்பமிட்டார். மறு ஆண்டு இலங்கையை வந்தடைந்தார். அதன் பின்னர் தாயகத்துக்கு அவர் திரும்பவேயில்லை.

அவர் வந்து சேர்ந்தது கண்டி மாவட்டத்தின் ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்துக்காகும். உடப்புசல்லாவைக்கு வடமேற்கே, மலைத்தொடர்களுக்கு அப்பால், தெல்தோட்டையை அடுத்து அத்தோட்டம் இன்றும் உள்ளது. அன்று மலையகம் எங்கும் கோப்பிதான். காட்டை வெட்டிக் கோப்பி நட்டவர்களும், பழம் பறித்தவர்களும், பாதை அமைத்தவர்களும் தமிழகத்திலிருந்து வந்த எம் முன்னோரே. மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்த அவர்களுள் பலர், நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். டெய்லர் அந்த ஒழுங்குமுறையின் ஒரு பகுதியாகவே இருந்தார். தோட்டத்துரை என்ற பதவியின் அதிகாரம் அவருக்கும் இருந்தது. ஆகவே அவரை நாம் மகானாகச் சித்திரிக்க வேண்டியதில்லை. எனினும் ஏனைய துரைமாரிலிருந்து அவரை வேறுபடுத்திய ஒன்றுண்டு. ஒரே தோட்டத்தில், ஒரே மக்களோடு, 40 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார்.

இலங்கையில் தேயிலைச் செடியை முதலில் கொண்டுவந்தவர் டெய்லர் அல்லர். 1839ஆம் ஆண்டே அசாம் தேயிலை விதைகள் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு வந்திருந்தன. 1841இல் புசல்லாவைப் பகுதியில் வோர்ம்ஸ் சகோதரர்கள் சீனத் தேயிலையை நட்டுப் பார்த்தனர். அம்முயற்சிகள் வர்த்தகமாக வளரவில்லை. டெய்லர் முதலில் சிங்கோனா பயிரிட்டு வெற்றி கண்டார். பின்னர் 1867ஆம் ஆண்டு, லூல்கந்துரையின் ஏழாம் இலக்க மலையில் 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். இரண்டு வருடங்கள் கழித்து, 1869இல், கோப்பியின் இலைகளில் துருநோய் தோன்றியது. அடுத்து வந்த ஆண்டுகளில் அந்நோய் மலையகத்தின் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அநேக தோட்டங்கள் கைவிடப்பட்டன. அவ்வேளை, அதற்கு மாற்றாகக் காட்டக்கூடிய பயிர் லூல்கந்துரையின் 19 ஏக்கரில் வளர்ந்து நின்றது.

செடியை வளர்ப்பது வேறு, கொழுந்தைத் தேயிலையாக்குவது வேறு. டெய்லரின் முதல் தொழிற்சாலை அவர் வசித்த பங்களாவின் விறாந்தையே ஆகும். அங்கு மேசைகள் போடப்பட்டிருந்தன. வாடிய கொழுந்தைத் தொழிலாளர்கள் மணிக்கட்டு முதல் முழங்கை வரை அழுத்தித் தேய்த்து உருட்டினர். இலையின் உயிரணுக்கள் நசுங்கிச் சாறு வெளிப்பட்டு, காற்றோடு சேர்ந்து நிறமும் மணமும் மாறுவதற்கு அந்த உருட்டலே அடிப்படையாகும். பின்னர் களிமண் அடுப்புகளில் கரி நெருப்பு மூட்டி, கம்பித் தட்டுகளில் இலையைப் பரப்பி உலர்த்தினர். அந்தத் தேயிலை சுவையில் சிறந்திருந்ததால் அயல் தோட்டத்தார் விரும்பி வாங்கினர். ஆயின் முழங்கை ஒரு நாளில் உருட்டக்கூடிய அளவுக்கு ஓர் எல்லை உண்டு. கொழுந்தோ பறித்த அன்றே பக்குவப்படுத்தப்பட வேண்டிய பொருள். காத்திருந்தால் கெட்டுவிடும்.

இந்த இடத்தில்தான் சக்கரத் தச்சரின் மகன் வெளிப்படுகின்றார். 1872ஆம் ஆண்டு டெய்லர் லூல்கந்துரையில் முழுமையான தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை அமைத்தார். அதே ஆண்டில் கொழுந்தை உருட்டும் இயந்திரமொன்றையும் தாமே உருவாக்கினார். அது செய்யவேண்டியிருந்த வேலை, விறாந்தையில் தொழிலாளரின் முழங்கைகள் செய்துவந்த அதே வேலைதான். எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்த மேசைகளைச் சுற்றி நின்றவர்களின் கைகள் அறிந்த சங்கதிகள். இயந்திரத்தைச் செய்தவரின் பெயர் வரலாற்றில் உண்டு. அதற்கு முன்மாதிரியாக இருந்த கைகளுக்குரியோரின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

1873ஆம் ஆண்டு 23 இறாத்தல் தேயிலை லண்டன் சந்தைக்கு அனுப்பப்பட்டது. அவ்வளவுதான் ஆரம்பம். 1874இல் டெய்லர் தம் வாழ்நாளில் பெற்ற ஒரேயொரு விடுமுறையையும் டார்ஜிலிங் சென்று தேயிலை பற்றி மேலும் கற்பதற்கே செலவிட்டார். இதற்கிடையே உலகின் பிற இடங்களிலும் இயந்திரங்கள் தோன்றின. அசாமில் வில்லியம் ஜக்சன் உருட்டும் இயந்திரங்களை அமைத்தார். 1877இல் சாமுவேல் டேவிட்சன் தேயிலை உலர்த்தும் இயந்திரத்தை உருவாக்கினார். அவையும் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தன. 1880இல் சுமார் 81 தொன்னாக இருந்த இலங்கையின் தேயிலை ஏற்றுமதி, 1890ஆம் ஆண்டளவில் 22,000 தொன்னைத் தாண்டியது. பின்னர் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலையை ஏற்றிச் செல்வதற்கென்றே, நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஊடாக இராகலை வரை ஒடுங்கிய ரயில் பாதை ஒன்றும் 1903, 1904ஆம் ஆண்டுகளில் அமைக்கப்பட்டது. 1940களில் அது மூடப்பட்டது.

இயந்திரம் வந்தால் மனிதருக்கு வேலை போய்விடும் என்பதே இன்றைய பொதுவான அச்சம். லூல்கந்துரையில் ஆரம்பித்த மாற்றத்தின் விளைவு அவ்வாறு எளிமையானதாக இருக்கவில்லை. விறாந்தையில் உருட்டியவர்களின் வேலை இல்லாமற்போனது உண்மையே. ஆனால் மலையகத்துக்குத் தேவைப்பட்ட கைகளின் தொகை குறையவில்லை, பன்மடங்கு பெருகிற்று. ஏனெனில் இயந்திரத்துக்கு நாள்தோறும் கொழுந்து வேண்டியிருந்தது. கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். தேயிலைக்கு அத்தகைய ஓய்வுப் பருவம் இல்லை. வருடம் முழுவதும் கொழுந்து துளிர்த்தது. வருடம் முழுவதும் தொழிற்சாலை ஓடியது. குடும்பங்கள் லயங்களில் நிரந்தரமாகத் தங்கின. கொழுந்துக் கூடை பெண்களின் தலையில் ஏறியது.

நாம் ஊன்றி நோக்க வேண்டிய உண்மை இதுவே. இயந்திரம் எம் மக்களை வெளியே தள்ளவில்லை. மாறாக, அவர்களின் வேலையின் வேகத்தை அது நிர்ணயித்தது. காலையில் பெரட்டு எத்தனை மணிக்கு, கொழுந்து நிறுப்பது எத்தனை தடவை, எத்தனை இறாத்தல் பறித்தால் ஒரு பேர் என்பன எல்லாம் தொழிற்சாலையின் தேவையைத் தழுவியே வகுக்கப்பட்டன. முழங்கையிடமிருந்து வேலையைப் பெற்றுக்கொண்ட இயந்திரம், விரல்களுக்கு எசமானனாயிற்று. அதனால் விளைந்த இலாபம் லண்டனுக்கும் கொழும்புக்கும் சென்றது. லயத்துக்கு அது வந்து சேரவில்லை.

டெய்லரின் இறுதிக்காலமும் இதே பாடத்தை வேறொரு விதமாகப் போதிக்கின்றது. 1891ஆம் ஆண்டு தோட்டத்துரைமார் சங்கம் அவரது முன்னோடிப் பணியைப் பாராட்டி வெள்ளித் தேநீர்ப் பாத்திரத் தொகுதி ஒன்றைப் பரிசளித்தது. அடுத்த ஆண்டே நிலைமை மாறிற்று. தோட்டம் அவ்வேளை பெரிய கம்பனியொன்றின் கையில் இருந்தது. உடல்நலம் குன்றியிருந்த டெய்லரைப் பதவியிலிருந்து விலகுமாறு நிர்வாகம் கூறியது. அவர் தோட்டத்தை விட்டு வெளியேற இணங்கவில்லை. 40 ஆண்டுகளாகத் தாம் உருவாக்கிய இடத்திலேயே, 1892ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி, வயிற்றோட்ட நோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 57.  எந்தத் தொழிலை அவர் தொடக்கிவைத்தாரோ, அந்தத் தொழிலின் கணக்கேட்டில் அவரும் இறுதியில் ஒரு செலவாகவே கருதப்பட்டார்.

அவரது உடலைக் கண்டி மஹியாவை மயானத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. 18 மைல் தூரம் மலைப்பாதை. டெய்லர் உயர்ந்த, பருத்த தேகம் உடையவர். நிறை 246 இறாத்தல் என்று குறிப்பிடப்படுகின்றது. 24 தொழிலாளர்கள் முன்வந்தனர். பன்னிருவர் கொண்ட இரண்டு குழுக்களாக அவர்கள் பிரிந்தனர். நான்கு மைலுக்கு ஒரு தடவை ஒரு குழு தோள் கொடுக்க, மறு குழு ஆறுதல் பெற்றது. காலையில் புறப்பட்ட அவர்கள் மாலையில் மயானத்தை அடைந்தனர். கங்காணிமாரும் ஏனைய தொழிலாளரும் பின்னால் நடந்து சென்றனர். அம்மக்கள் அவரைச் சாமி துரை என்று அழைத்ததாகவும் கூறப்படுகின்றது. அவர் நிர்மாணித்த இயந்திரம் அன்றும் லூல்கந்துரையின் பெருமையாக இருந்திருக்கும். ஆனால் அவரைச் சுமந்தவை மனிதத் தோள்களே.

அந்த 24 பேரின் பயணத்தில் கூட்டு உழைப்பு என்பதன் முழுப் பொருளும் அடங்கியுள்ளதாக நமக்குத் தோன்றுகின்றது. ஒருவர் சுமக்கும்போது மற்றவர் இளைப்பாறுகின்றார். முறை மாறுகின்றது. பாரம் பகிரப்படுகின்றது. எவரும் எவரையும் பின்னால் நின்று ஓட்டவில்லை. செயற்கை நுண்ணறிவைச் சக தொழிலாளி என்று அழைப்பவர்கள் இந்த அளவுகோலை ஏற்க வேண்டும். மனிதரின் பாரத்தை அது தன் தோளில் வாங்கிக்கொள்கின்றதா? அவ்வாறு வாங்கியதால் மனிதருக்கு ஓய்வோ, உயர்ந்த ஊதியமோ, புதிய கல்வியோ கிடைக்கின்றதா? இல்லையேல் அது சக தொழிலாளி அன்று, சம்பளம் வாங்காத புதிய கங்காணி.

இத்தகைய இயந்திரங்கள் எவ்வாறு கற்கின்றன என்பதையும் வாசகர் அறிந்திருத்தல் நன்று. கணினி பின்பற்றும் படிமுறையைக் குறிக்கும் அல்கோரிதம் என்ற சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதின் அறிவு இல்லத்தில் பணியாற்றிய கணித மேதை அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்ததாகும். அவர் வகுத்தளித்தவை, எவரும் படிப்படியாகச் செய்து சரிபார்க்கக்கூடிய வழிமுறைகள். இன்றைய செயற்கை நுண்ணறிவு அதிலிருந்து ஓரளவு வேறுபடுகின்றது. அதற்கு விதிகளை மட்டும் எழுதிக்கொடுப்பதில்லை. நல்லது இது, கழிவு இது என்று மனிதர் பிரித்துவைத்த ஆயிரக்கணக்கான மாதிரிகளைக் காட்டுகின்றனர். அவற்றிலிருந்து அது பழகிக்கொள்கின்றது. அப்படியாயின், தேயிலையில் குச்சி எது, நல்ல இலை எது என்பதை முதலில் பிரித்தறிந்தவை யாருடைய கண்கள்? வாழ்நாள் முழுவதும் தும்பு பொறுக்கிய பெண்களின் கண்கள் அல்லவா? 1872இல் முழங்கையின் அறிவு இயந்திரத்துக்குச் சென்றதுபோல, இன்று கண்ணின் அறிவு இயந்திரத்துக்குச் செல்கின்றது. அன்று அந்த அறிவுக்கு விலை கேட்க எவரும் இருக்கவில்லை. இன்றும் கேட்காதிருப்போமா என்பதே வினா.

நல்ல கூட்டு உழைப்புக்கு உதாரணம் தேடி வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. உடப்புசல்லாவைத் தேயிலைக்கு வருடத்தில் இரு தரமான பருவங்கள் உண்டு. ஊவாப் பக்கத்து வரண்ட காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலம் ஒன்று. வருடத் தொடக்கத்தின் குளிர்காலம் மற்றொன்று. காற்றும் ஈரமும் மாற, கொழுந்தின் பக்குவமும் நாளுக்கு நாள் மாறும். வெப்பமானியும் ஈரமானியும் அளவுகளைச் சொல்லும். ஆனால் இலையை உலர்த்தும் அடுப்புக்கு எப்போது அனுப்புவது என்பதை, கையில் அள்ளி முகர்ந்து பார்த்து டீ மேக்கரே தீர்மானிக்கின்றார். கருவி தகவல் தருகின்றது, அனுபவம் முடிவெடுக்கின்றது, தவறினால் பொறுப்பை ஏற்கும் மனிதர் ஒருவரும் இருக்கின்றார். இவ்வொழுங்கு தொழிற்சாலையின் உள்ளே நிலவுமானால், மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும்?

கொழுந்து நிறுக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். பழைய தராசின் இடத்தில் இலத்திரனியல் தராசு வந்துள்ளது. இதை நாம் வரவேற்கின்றோம். மனிதக் கண்ணின் ஓரவஞ்சனையை நீக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. எனினும் நாம் சென்ற ஒரு தோட்டத்தில், தராசின் இலக்கங்கள் தெரியும் பக்கம் கணக்கெழுதுபவரை நோக்கியே வைக்கப்பட்டிருந்தது. கூடைக்கும் ஈரத்துக்குமாக எத்தனை கிலோ கழிக்கப்பட்டது என்பது கொழுந்து கொடுத்த பெண்ணுக்குத் தெரியவில்லை. தராசைத் திருப்பி வைப்பதற்கு விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை. 2021ஆம் ஆண்டு சம்பள நிர்ணய சபையின் ஊடாக நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட பின்னர், எத்தனை கிலோ பறித்தால் ஒரு பேர் என்ற தகராறு பல தோட்டங்களில் மூண்டதை நாம் மறந்துவிடவில்லை. நாளை அந்தக் கிலோக் கணக்கையும் கொழுந்தின் தரத்தையும் கணினியே தீர்மானிக்கும் நிலை வந்தால், யாரிடம் சென்று முறையிடுவது? இது தொழிலாளரின் கவலை மட்டுமன்று. அரைப் பேர் விழுந்தால் கடைவீதியிலுள்ள முஸ்லிம் வர்த்தகரின் கடன் கொப்பியிலும் அந்த அரை விழும். தோட்டத்தின் ஊதியத்தோடு பிணைந்ததே மலையக நகரங்களின் வாழ்வு.

ஆகவே இயந்திரத்தை எதிர்ப்பது நமது நோக்கமன்று. தோட்டங்களில் ஆட்பற்றாக்குறை உள்ளது. இளையோர் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றனர். அட்டைக் கடியிலும் மழையிலும் செங்குத்தான மலையில் கூடை சுமக்கும் பாரத்தை ஓர் இயந்திரம் ஏற்றுக்கொள்ளுமாயின், அதைத் தடுப்பவர்கள் அந்தப் பெண்களுக்கு நன்மை செய்பவர்கள் ஆகமாட்டார்கள். நாம் வேண்டுவன சில எளிய ஒழுங்குகளே. இயந்திரம் கணிக்கும் நிறையும் தரமும் தொழிலாளியின் கண்முன்னே, அவருக்குத் தெரிந்த மொழியில் காட்டப்பட வேண்டும். அதன் தீர்ப்பு தவறென்று கருதினால் மனிதர் ஒருவரிடம் மறுபரிசீலனை கோரும் உரிமை இருக்க வேண்டும். எந்தப் பெண்களின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டதோ, அதை இயக்கும் பயிற்சி முதலில் அவர்களுக்கே தரப்பட வேண்டும். இயந்திரத்தால் பெருகும் வருவாயில் ஒரு பங்கு சம்பளப் பேச்சுவார்த்தையின் மேசைக்கு வர வேண்டும். தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்தோடு நின்றுவிடாமல் இவற்றையும் தமது கோரிக்கைகளுள் சேர்த்துக்கொள்ளல் காலத்தின் தேவையாகும்.

லூல்கந்துரையில் டெய்லர் வாழ்ந்த மரவீட்டின் அடையாளமாகச் சில கற்களும், அவர் அமர்ந்து மலைகளைப் பார்த்ததாகச் சொல்லப்படும் கல்லிருக்கையும் இன்றும் உள்ளன. உல்லாசப் பயணிகள் அவற்றைக் காண வருகின்றனர். மஹியாவையில் அவரது கல்லறை, இத்தீவின் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் அவரே முன்னோடி என்று சாற்றி நிற்கின்றது. அவரை அங்கு சுமந்து சென்ற 24 பேருக்குக் கல்லறையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று உடப்புசல்லாவையிலும் ஹற்றனிலும் தலவாக்கலையிலும் புதிய இயந்திரங்களின் பக்கத்தில் நிற்கின்றனர். முதல் இயந்திரம் வந்தபோது அவர்களின் மூதாதையரை எவரும் கலந்தாலோசிக்கவில்லை. இரண்டாவது இயந்திரம் வரும்போதேனும் அவர்களைக் கேட்டுச் செய்வதே, டெய்லருக்கும் அவரைச் சுமந்தோருக்கும் நாம் செலுத்தும் உரிய நன்றிக்கடனாகும்.